விபத்துக்குப் பிந்திய ஒரு மணித்தியாலம்: திருகோணமலைச் சாரதி சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை மாவட்டத்தின் முச்சக்கரவண்டி, தனியார் பஸ், வான், லொறி, டிப்பர் சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் மாதாந்தக் கூட்டங்களில் எரிபொருள் விலை, வழித்தட அனுமதி, தரிப்பிடத் தகராறு, நேர அட்டவணை என்று பேசி முடியாத விடயங்கள் இருக்கும். அடுத்த கூட்டத்தில் அவற்றை ஒரு மணித்தியாலம் ஒதுக்கிவைத்துவிட்டு, வாகனம் மோதிய பிறகு சாரதி என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பேசுங்கள் என்று கேட்பதற்கே இந்த மடல். விபத்து வழக்குகளும் காப்புறுதிக் கோரிக்கைகளும் பெரும்பாலும் மோதிய நொடியில் தோற்பதில்லை. அடுத்த ஒரு மணித்தியாலத்தில்தான் தோற்கின்றன. ஒருவர் பயந்து ஓடிவிடுகிறார். இன்னொருவர் படம் எடுக்குமுன் வாகனத்தை ஓரங்கட்டிவிடுகிறார். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் ஒருவர் கையெழுத்து வைக்கிறார். காயப்பட்டவர், பொலிஸ் தொல்லை வேண்டாம் என்று, வைத்தியசாலையில் ‘சைக்கிளால் தானாக விழுந்தேன்’ என்று சொல்லிவிடுகிறார். இவற்றில் எதையும் பிறகு திருத்துவது மிகக் கடினம்.

முதலில் சட்டம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 161ஆம் பிரிவு, விபத்தில் சம்பந்தப்பட்ட சாரதியின் கடமைகளைச் சொல்கிறது. வாகனத்தை நிறுத்த வேண்டும். காயப்பட்டவர் வைத்தியசாலை போய்ச் சேர வழி செய்ய வேண்டும். தன் பெயர், முகவரி, வாகன உரிமையாளரின் விபரம், வாகன இலக்கம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பொலிசில் அறிவிக்க வேண்டும். யார் பிழை என்ற கேள்வி இந்தக் கடமைகளுக்குள் வரவே வராது. உங்கள் மேல் ஒரு சதப் பிழையும் இல்லாவிட்டாலும், நிறுத்தாமல் போனால் அதுவே தனிக் குற்றம். பிழை மற்றவர் மேல் இருந்த ஒரு விபத்தில், ஓடிய ஒரே காரணத்தால் நீங்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறுவீர்கள்.

ஏன் ஓடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கூட்டம் அடிக்கும் என்ற பயம். அது வெறும் கற்பனைப் பயம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் அந்தப் பயத்துக்கும் ஒரு முறை உண்டு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், அந்த இடத்திலிருந்தே 1990 அம்புலன்ஸ் சேவைக்கும் 119 பொலிஸ் அவசர இலக்கத்துக்கும் அழைத்து, எந்த இடம், எத்தனை பேருக்குக் காயம், உங்கள் வாகன இலக்கம் என்ன என்று சொல்லுங்கள். பிறகு வேறெங்கும் நிற்காமல் நேராக அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். வீட்டுக்குப் போகாதீர்கள், முதலாளி வீட்டுக்கும் போகாதீர்கள். அழைப்பு நேரம் உங்கள் தொலைபேசியில் பதிவாகியிருக்கும். பொலிஸ் நிலையத்தில் வந்த நேரம் எழுதப்படும். இந்த இரண்டுக்கும் இடையே பத்து நிமிடம் என்றால் நீதவான் அதை ஒரு விதமாகப் பார்ப்பார், பத்து மணித்தியாலம் என்றால் வேறு விதமாகப் பார்ப்பார்.

நின்றுவிட்டீர்கள் என்றால் அடுத்த வேலை, இரண்டாவது விபத்து நடக்காமல் தடுப்பது. எஞ்சினை நிறுத்தி, நான்கு சிக்னல் விளக்குகளையும் போடுங்கள். பெற்றோல் மணம் வந்தால் யாரும் பீடி, சிகரட் பற்றவைக்க விடாதீர்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வாகனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 19 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. சாரதி கண்டு, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி போனால் அதற்குள் 29 மீற்றர் கழிந்துவிடும். காய்ந்த தாரில், நல்ல டயருடன், நிற்க இன்னும் ஏறக்குறைய 28 மீற்றர் வேண்டும். ஆகவே முக்கோணம் குறைந்தது 60 மீற்றர் பின்னால் இருக்க வேண்டும், அதாவது சாதாரண நடையில் 80 எட்டு. மாரி மழையில் அதை இரட்டிப்பாக்குங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள். கந்தளாயிலிருந்து ஹபரணை போகும் வீதியில் இரவில் பல இடங்களில் தெருவிளக்கு கிடையாது, யானையும் கடக்கும். தம்பலகாமத்து வயல்வெளிப் பக்கம் அறுவடைக் காலத்தில் பின்விளக்கு இல்லாத லாண்ட் மாஸ்டர் உழவு இயந்திரங்கள் வரும். அந்த வீதிகளில் ஒரு ஆள் டோர்ச்சுடன் பின்னால் நிற்பதே நம்பகமான எச்சரிக்கை. அவர் வீதிக்கு வெளியே, புல்லில் நிற்க வேண்டும்.

காயப்பட்டவர் விடயத்தில் எங்கள் ஊர்ப் பழக்கங்கள் சில ஆபத்தானவை. விழுந்து கிடப்பவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி, ஓட்டோவின் பின்சீட்டில் மடித்துக் கிடத்திக் கொண்டு ஓடுகிறோம். கழுத்திலோ முள்ளந்தண்டிலோ முறிவு இருந்தால், நடக்கக்கூடியவராக இருந்த ஒருவரை அந்தத் தூக்கலே வாழ்நாள் முழுக்கப் படுக்கையில் போட்டுவிடலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழில் பேசலாம். தீப்பிடிக்கும் ஆபத்தோ, வாகனங்கள் ஏறும் ஆபத்தோ இல்லையென்றால் அது வரும்வரை ஆளை அசைக்காதீர்கள். மூச்சுக்கு இடைஞ்சல் இல்லாதவரை ஹெல்மட்டைக் கழற்றாதீர்கள், முகத்து மூடியை மட்டும் உயர்த்துங்கள். இரத்தம் பாயும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் அதன் மேல் இன்னொன்று வையுங்கள். மயங்கியிருப்பவர் மூச்சு விடுகிறார் என்றால், தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேராக இருக்கும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒருக்களித்துத் திருப்புங்கள். வாந்தி எடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாது. தண்ணீரோ சோடாவோ பருக்க வேண்டாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் இறங்கும், சத்திரசிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுப்பதையும் சிக்கலாக்கும்.

ஈச்சிலம்பற்று, வெருகல், புல்மோட்டை போன்ற பக்கங்களில் அம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தொலைபேசியில் சொன்னால், ஓட்டோவை விட, தட்டையான தளமுள்ள வானோ சிறிய லொறியோ நல்லது. பலகை, கதவு எது கிடைத்தாலும் அதில் கிடத்தி ஏற்றுங்கள். எந்த வைத்தியசாலைக்குப் போவது என்பதையும் 1990இல் கேட்டுக்கொள்ளுங்கள். கிட்ட இருக்கும் சிறிய வைத்தியசாலைக்குப் போய், அங்கிருந்து திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு மாற்றுவதில் போகும் நேரம் சிலவேளை உயிர் விலை.

இனி, தடயங்கள். சங்கங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான், ஏனென்றால் இதற்குக் காசு தேவையில்லை, பழக்கம் மட்டும் போதும். ஆளுக்குக் காயம் என்றால் பொலிஸ் வந்து பார்க்கும்வரை வாகனங்கள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். காயப்பட்டவரை எடுப்பதற்கோ, இன்னொரு விபத்தைத் தவிர்ப்பதற்கோ நகர்த்தித்தான் ஆக வேண்டுமென்றால், முதலில் நான்கு சக்கரங்களும் தரையைத் தொடும் இடத்தை சோக்கால், கரியால், செங்கல் துண்டால் குறியுங்கள். மோட்டார் சைக்கிள் என்றால் இரண்டு சக்கரமும், ஹான்டில் நுனி கிடந்த இடமும்.

படம் எடுப்பதில் பெரும்பாலோர் செய்யும் தவறு, நசுங்கிய பம்பரை மட்டும் பத்துத் தரம் எடுப்பது. பம்பரை நாளைக்கும் எடுக்கலாம், வீதியை நாளைக்கு எடுக்க முடியாது. முதலில் தூரத்திலிருந்து நான்கு திசையிலும் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் நகராத ஒரு பொருள் விழ வேண்டும்: மின்கம்பம், கிலோமீற்றர் கல், கடைப் பலகை, மதகு. பிறகு வீதியின் நடுக்கோடு தெரியும்படி வாகனங்கள் நிற்கும் நிலை. பிறகு பிரேக் அடையாளம், அதன் தொடக்கமும் முடிவும். பிறகு உடைந்த கண்ணாடி கிடக்கும் இடம், மட்கார்ட்டுக்கு உள்ளிருந்து கொட்டிய காய்ந்த சேறு கிடக்கும் இடம். அந்தச் சேற்றைப் பலரும் காலால் தட்டிவிடுகிறார்கள். மோதிய அதிர்ச்சியில் அது நேரே கீழே கொட்டும் என்பதால், வீதியின் எந்தப் பக்கத்தில் மோதல் நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி குறைவு. கடைசியாகத்தான் சேதம், இலக்கத் தகடுகள், முன்கண்ணாடியில் உள்ள வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஸ்டிக்கர். அளவுநாடா இல்லாவிட்டால் காலடியால் அளந்துகொள்ளுங்கள். வீதி ஓரத்திலிருந்து சக்கரம் எத்தனை எட்டு, கம்பத்திலிருந்து எத்தனை எட்டு என்று தொலைபேசியில் எழுதிக்கொள்ளுங்கள். நிலாவெளி, குச்சவெளிக் கடற்கரை வீதிகளில் காற்று மணலை அள்ளிப் போட்டு டயர் அடையாளத்தை மூடிவிடும். மழை நாளில் அதற்கும் குறைந்த நேரம்தான்.

இரவு விபத்தாயின், எச்சரிக்கைக்குப் போடும் சிக்னல்களைத் தவிர மற்ற விளக்குகளை மோதலுக்குப் பிறகு போட்டுப் பார்க்காதீர்கள், உடைந்த பல்ப்பை எறியாதீர்கள். எரிந்துகொண்டிருக்கும்போது மோதல் பட்ட சாதாரண பல்ப்பின் இழை இழுபட்டு நீளும், கண்ணாடி உடைந்தால் காற்றுப் பட்டு நிறம் மாறும். அணைந்திருந்த பல்ப்பின் இழை அப்படி ஆகாது. ‘லைட் போடாமல் வந்தான்’, ‘சிக்னல் போடாமல் திரும்பினான்’ என்ற வாதங்களை அறிந்த பரிசோதகர் ஒருவர் அந்த இழையை வைத்தே தீர்க்கலாம். எல்.இ.டி. விளக்குகளில் இது கிடைக்காது.

டாஷ்கேம் இருந்தால் உடனே கார்டைக் கழற்றிப் பையில் போடுங்கள். ஓடவிட்டால் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். கடை, விடுதி, வங்கி வாசல் கமராக்களும் அப்படியே, சில நாட்களில் பழைய பதிவு அழிந்துவிடும். எந்தக் கமரா வீதியைப் பார்க்கிறது என்று அன்றே குறித்து, பொலிசாரிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். சாட்சிகளின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கும்போது உங்கள் பஸ்ஸின் கண்டக்டரை மட்டும் எழுதாதீர்கள். தேத்தண்ணிக் கடைக்காரரின் ஒரு வார்த்தைக்கு நீதிமன்றத்தில் அதைவிட எடை கூட.

பொலிஸ் நிலையத்தில் நடப்பது அடுத்தது. விபத்து நடந்த இடம் எந்தப் பொலிஸ் பிரிவோ அங்கேதான் விசாரணை நடக்கும். தலைமையகம், உப்புவெளி, நிலாவெளி, சீனக்குடா எல்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் ஆளைத் திருப்பித் திருப்பி அனுப்பும் நிலை வரலாம். அருகில் இருந்த நிலையத்தில் முதலில் அறிவித்து, அந்தப் பதிவின் இலக்கத்தையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு மற்றதற்குப் போங்கள். உங்கள் தரிப்பிடங்கள் ஒவ்வொன்றிலும் அந்தப் பகுதி எந்தப் பொலிஸ் பிரிவு என்று எழுதி ஒட்டினால் அரைவாசி அலைச்சல் குறையும்.

வாக்குமூலத்தின் மொழி பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் ஆகும். அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் 1988ஆம் ஆண்டே இதை உறுதிசெய்தது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும். உத்தியோகத்தருக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், சொல்பவரையே தன் மொழியில் எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால்தான் உத்தியோகத்தர் தன் மொழியில் எழுதி, அதைப் பெயர்த்து வாசித்துக் காட்டலாம். ஆகவே, ‘ஐயா, நான் தமிழில் என் கையால் எழுதித் தருகிறேன்’ என்று கேட்பது சண்டை பிடிப்பதாகாது. சட்டம் காட்டிய வழி அது. மரியாதையாகக் கேளுங்கள், கேட்காமல் விடாதீர்கள். விளங்காத பக்கத்தில் வைத்த ஒரு கையெழுத்தை, ஆறு மாதம் கழித்து ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்ற ஒரு வசனத்தால் அழிக்க முடியாது.

என்ன எழுதுவது? கண்டதை எழுதுங்கள், ஊகித்ததை எழுதாதீர்கள். எங்கிருந்து எங்கே போனீர்கள், எந்தப் பக்கம், ஏறக்குறைய என்ன வேகம், எத்தனை மீற்றர் தூரத்தில் மற்றவரைக் கண்டீர்கள், கண்டதும் என்ன செய்தீர்கள், எங்கே மோதியது, வீதி நனைந்திருந்ததா, வெளிச்சம் எப்படி. ‘மற்றவர் குடித்திருந்தார்’ என்பது ஊகம். ‘அவரிடம் மது மணம் வீசியது’ என்பது கண்டது. வேகம் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். நகருக்குள் காருக்கு 50 என்ற எல்லையை நினைத்துக்கொண்டு எல்லோரும் ‘40இல் வந்தேன்’ என்கிறார்கள். பிரேக் அடையாளத்தின் நீளம் அதைப் பொய்யாக்கினால், மிச்ச உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, பிழையைத் திருத்தி, பிறகு கையெழுத்து. வெற்றுத்தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

ஊதிப் பார்க்கச் சொன்னால் ஊதுங்கள். இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 80 மில்லிகிராம் மதுசாரம் என்பது இங்குள்ள எல்லை. ஊத மறுப்பது தப்பும் வழி என்று தரிப்பிடங்களில் சொல்லப்படும் அறிவுரை தவறு, மறுப்பு உங்களுக்கு எதிராகவே எழுதப்படும். முதல்நாள் இரவு விருந்து முடித்து, காலை ஐந்து மணிக்கு முதல் பஸ்ஸை எடுப்பவருக்கும் இது பொருந்தும். தூக்கமோ பிளேன்ரீயோ மதுவை வேகமாக இறக்காது.

காயப்பட்டவர் உங்கள் அங்கத்தவராக இருந்தால், அரச வைத்தியசாலையில் அனுமதிக்கும்போதே ‘வீதி விபத்து, இன்ன இடம், இன்ன வாகனம்’ என்று சொல்லச் சொல்லுங்கள். அது வார்ட் டிக்கெட்டில் எழுதப்படும், சட்ட வைத்தியப் பரிசோதனையும் அதன் வழியாகத்தான் நடக்கும். நட்டஈட்டுக் கோரிக்கையில் எதிர்த்தரப்பு முதலில் புரட்டிப் பார்ப்பது அந்த டிக்கெட்டின் முதல் வரியைத்தான்.

காப்புறுதிக்கு வருவோம். சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமானது. உங்கள் வாகனத்தைத் திருத்த அதில் ஒரு ரூபாயும் வராது. மற்றவரின் மதிலுக்கோ காருக்கோ எவ்வளவு வரும் என்பது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையைப் பொறுத்தது. அதை இன்றைக்கே எடுத்து வாசியுங்கள். முழுக் காப்புறுதி உள்ளவர்கள், இடத்திலிருந்தபடியே நிறுவனத்தின் 24 மணிநேர இலக்கத்துக்கு அழைத்து, கோரிக்கை இலக்கத்தை வாங்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை, அல்லது படம் அனுப்பினால் போதும் என்று அவர்கள் சொல்லும்வரை, கராஜுக்கு இழுக்காதீர்கள், ஒரு ஆணியும் கழற்றாதீர்கள்.

கோரிக்கைகள் நிராகரிக்கப்படும் காரணங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். அனுமதிப்பத்திரம் அந்த வகை வாகனத்துக்குரியதல்ல: ஓட்டோவுக்கு பி1 வகை, காருக்கு பி வகை. அனுமதிப்பத்திரம் காலாவதியானது: கனரக வாகன அனுமதி 4 வருடம்தான், இலகு வாகனத்துக்குரிய 8 வருடத்தை நினைத்துக்கொண்டு லொறிச் சாரதிகள் ஏமாறுகிறார்கள். தனிப்பட்ட பாவனைக்கென்று காப்புறுதி செய்த ஓட்டோவையும் வானையும் வாடகைக்கும் பள்ளிப்பிள்ளைகளை ஏற்றவும் ஓட்டியது. வாகனத்தை ‘ஓபன் பேப்பரில்’ வாங்கி, பெயர் மாற்றாமல் கைமாறிக் கைமாறி ஓட்டியது. இதில் விற்றவருக்கும் ஆபத்து உண்டு, பதிவில் இன்னும் அவர் பெயர்தான் இருப்பதால் நீதிமன்ற அழைப்பு அவர் வீட்டுக்குத்தான் போகும்.

எல்லாவற்றிலும் மோசமானது ஆள் மாற்றுவது. லைசன்ஸ் இல்லாத கண்டக்டரோ மருமகனோ ஓட்டி மோதிவிட, லைசன்ஸ் உள்ள இன்னொருவர் ‘நான்தான் ஓட்டினேன்’ என்று பொலிசில் நிற்பது. சில உரிமையாளர்களே இதை ஏற்பாடு செய்கிறார்கள். பொலிசுக்குப் பொய்த் தகவல் கொடுத்தல் தனிக் குற்றம், காப்புறுதி முழுவதும் போகும், தொலைபேசிக் கோபுரப் பதிவும் கமராவும் உண்மையைச் சொல்லிவிடும். காயப்பட்டவர் இறந்துவிட்டால், ஓட்டாத அந்த மனிதர் ஒரு மரணத்துக்குப் பதில் சொல்லப் போகிறார். சங்கம் என்ற வகையில் இதை நீங்கள் வெளிப்படையாகத் தடைசெய்ய வேண்டும் என்று மன்றாட்டமாகக் கேட்கிறோம்.

வீதியிலேயே பேசித் தீர்ப்பது எங்கள் ஊரில் சாதாரணம். கண்ணாடி உடைந்தது, கதவு நசுங்கியது என்றால் அதில் பெரிய பிழையில்லை. ஆனாலும் படம் எடுத்து, பொலிசில் ஒரு பதிவு போட்டு, எவ்வளவு, எதற்கு, இனி வேறு கோரிக்கை இல்லை என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்திட்டு, பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். முழுக் காப்புறுதி உள்ளவர், நிறுவனத்தைக் கேட்காமல் ‘எல்லாம் நான் பார்க்கிறேன்’ என்று ஒப்புக்கொண்டால், நிறுவனம் விலகிக்கொள்ள அதுவே காரணமாகலாம். ஆளுக்குக் காயம் என்றால் வீதியில் தீர்க்கவே கூடாது. தலையில் அடிபட்டவர் எழும்பி நடப்பார், ‘ஒன்றுமில்லை’ என்பார், இரவில் மூளைக்குள் இரத்தம் கட்டி மயங்குவார். பின்னேரம் கொடுத்த ஐயாயிரம் ரூபாய் அப்போது ஆதாரமாக நிற்பது உங்கள் குற்றத்துக்குத்தான்.

மரணம் நேர்ந்தால் சாரதி கைது செய்யப்பட்டு 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்படுவார். கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறைக்குரியது. அதோடு மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 149, 151ஆம் பிரிவுகளின் கீழான குற்றச்சாட்டுகளும் வரும். வாகனத்தை மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்வையிட்டு பிரேக், ஸ்டீரிங், டயர், விளக்கு பற்றி அறிக்கை தருவார். அதுவரை யாரும் வாகனத்தில் கைவைக்கக் கூடாது. பிரேக் குழாய் வெடித்ததுதான் காரணம் என்றால், அந்த வெடித்த குழாய் வண்டியிலேயே இருக்க வேண்டும். பிறகு வாகனத்தைப் பிணைமுறியில் பதிவு உரிமையாளரே விடுவித்து எடுக்கலாம். இங்கேயும் ‘ஓபன் பேப்பர்’ காரர்கள் மாதக்கணக்கில் அலைவார்கள். ‘குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டத்தோடு முடியும்’ என்று வெளியில் யாராவது சொன்னால், சட்டத்தரணி ஒருவரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள். அந்த ஒப்புதல் பிறகு நட்டஈட்டு வழக்கிலும் உங்களைத் தொடரும். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பாதிக்கப்பட்டவர் பக்கமாகவும் உங்கள் அங்கத்தவர் நிற்கலாம். நட்டஈட்டு வழக்கை மாவட்ட நீதிமன்றத்தில் விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். இது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விதித்த எல்லை. நீதவான் நீதிமன்ற வழக்கு முடியட்டும் என்று காத்திருந்து இந்த இரண்டு வருடத்தையும் இழந்த குடும்பங்கள் உண்டு. அந்த வழக்கு வேறு, இது வேறு. மோதிவிட்டு ஓடிய வாகனம் அடையாளம் தெரியவில்லை என்றால், தேசிய வீதிப் பாதுகாப்புச் சபையின் நட்டஈட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொலிஸ் பதிவும் வைத்தியசாலை ஆவணமும் வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய மூன்று விடயங்கள். கோட்டைப் பக்கத்திலும் நகர வீதிகளிலும் திரியும் புள்ளிமான் மோதுண்டால், அது சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு. வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் விபத்து வேட்டைக் குற்றமாகிவிடும். பொலிசுக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவியுங்கள். மூதூர், கிண்ணியா வீதிகளில் மாடு மோதுண்டால், காதில் தகடு இருந்தால் படம் எடுங்கள். கட்டவிழ்த்துவிட்ட உரிமையாளரை அடையாளம் காண அது உதவும். உப்புவெளி, நிலாவெளியில் வெளிநாட்டவருக்கு ஸ்கூட்டர் வாடகைக்குக் கொடுப்பவர்கள், இலங்கையில் செல்லுபடியாகும் அனுமதி அவரிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். அவருடைய நாட்டு லைசன்ஸ் மட்டும் இங்கே போதாது.

உங்களிடம் கேட்பவை அதிகம் செலவாகும் காரியங்கள் அல்ல. ஒவ்வொரு வாகனத்திலும் ஒரு பிளாஸ்டிக் உறை: காப்புறுதிச் சான்றிதழ், வருமான அனுமதிப்பத்திரம், வாகனப் பதிவின் பிரதி, ஒரு பேனை, நான்கு வெள்ளைத்தாள், இரண்டு சோக், ஒரு டோர்ச். ஒவ்வொரு தரிப்பிடத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பலகை: 1990, 119, அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் இலக்கம், கிட்டிய வைத்தியசாலை. ஒவ்வொரு சங்கத்திலும் வாக்குமூலம் எழுத உதவக்கூடிய, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரின் பெயர். ஆளுக்குக் காயம் ஏற்படுத்திவிட்டு ஓடிய அங்கத்தவருக்காகச் சங்கம் பொலிசில் போய்ப் பேசாது என்ற ஒரு தீர்மானம். நின்றவருக்காக வந்து நிற்கும் என்ற இன்னொரு தீர்மானம். கூட்டத்துக்கு நாள் குறித்துச் சொன்னால், படம் எடுப்பதையும் சக்கரம் குறிப்பதையும் வாகனம் ஒன்றை நிறுத்திவைத்தே செய்து காட்ட நாங்கள் வருகிறோம்.

அன்புடன்,
திருகோணமலையில் வீதி விபத்துச் சட்டமும் காப்புறுதியும் தெரிந்த சிலர்

பி.கு.: முக்கோணத்துக்குப் பதிலாக வீதியில் மரக்கொப்பு முறித்துப் போடும் வழக்கம் எங்கும் இருக்கிறது. பகலில் அது உதவும். வாகனத்தை இழுத்துக்கொண்டு போகும்போது அந்தக் கொப்பையும் எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். இரவில் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அது தெரியாது.